வாகனக் கேள்வி–பதில்: ஹெட்லைட்டில் கை வைப்பதற்கு முன்

காலி வீதியிலும் பேஸ்லைன் வீதியிலும் இரவில் வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் ஒரே முறைப்பாடு: எதிரே வருகிறவரின் லைட் கண்ணைப் பறிக்கிறது. எங்களுக்கு வரும் கடிதங்களோ மறுபக்கத்துக் கதை. என்னுடைய லைட்டை எப்படிக் கூட்டுவது என்றுதான் அநேகமானவர்கள் கேட்கிறார்கள். இரண்டையும் சேர்த்து இந்த இதழில் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி (வெள்ளவத்தை): ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் கார். உள்ளே எச்4 ஹலோஜன் பல்ப். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையொன்றில் 20,000 லூமன் எல்ஈடி பல்ப் ஒரு சோடி காட்டினார்கள். பழைய பல்பைக் கழற்றி இதைப் பூட்டினால் போதும், வேறு வேலை இல்லை என்கிறார்கள். பூட்டலாமா?

பதில்: பூட்டவேண்டாம் என்பதுதான் எங்கள் பதில். காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும்.

பெட்டியில் எழுதியிருக்கும் 20,000ஐ முதலில் மறந்துவிடுங்கள் (லூமன் என்பது பல்ப் தரும் மொத்த ஒளியின் அளவு). எச்4 ஹலோஜன் பல்புக்கு ஐ.நா.வின் 37ஆம் இலக்க ஒழுங்குவிதி வகுத்திருக்கும் அளவு, 13.2 வோல்ட்டில் ஹைபீமுக்கு 1,650 லூமன், லோபீமுக்கு (டிம்) 1,000 லூமன். எல்ஈடி சிப் ஒன்று சூடேறிய பிறகும் ஒரு வாட்டுக்கு ஏறக்குறைய 100 லூமன் தந்தால் அது நல்ல சிப். டிசி அளக்கக்கூடிய கிளாம்ப் மீற்றரைப் பல்பின் வயரில் மாட்டிப் பாருங்கள். 13 வோல்ட்டில் 2 அம்பியர் இழுத்தால் அது 26 வாட் பல்ப்; 2,600 லூமனுக்கு மேல் அதிலிருந்து வரப்போவதில்லை. பெட்டி சொல்வதுபோல ஒரு பல்ப் 200 வாட் என்றால் 15 அம்பியர் இழுக்கவேண்டும். இழுத்திருந்தால் உங்கள் காரின் பியூஸ் அன்றைக்கே போயிருக்கும்.

2,600 கூட 1,000ஐ விட அதிகம்தானே என்று கேட்பீர்கள். கரைச்சல் அங்கேதான் தொடங்குகிறது. எச்4 பல்புக்குள் இரண்டு இழைகள் இருக்கின்றன. லோபீம் இழைக்குக் கீழே ஒரு சின்ன உலோகக் கிண்ணம் பொருத்தப்பட்டிருக்கும். அந்த இழையின் ஒளி ரிஃப்ளெக்டரின் மேல்பாதியில் மட்டும் பட்டு வீதியை நோக்கி இறங்குவதற்காகத்தான் அது. கிண்ணத்தின் ஒரு விளிம்பு 15 பாகை சரிவாக வெட்டப்பட்டிருப்பதால், நம் பக்கமான இடது ஓரத்தில் மட்டும் வெளிச்சம் மேலேறி நடைபாதையையும் பெயர்ப்பலகையையும் காட்டும். இழை இருக்கவேண்டிய இடம் ஒரு மில்லிமீற்றரின் பத்தில் சில பங்கு பிசகினாலே இந்த ஒழுங்கு குலைந்துவிடும்.

எல்ஈடி பல்பில் இழை கிடையாது. ஒரு தகட்டின் இரு புறமும் சிப்புகள் ஒட்டியிருக்கும். தகட்டின் தடிப்பு காரணமாக ஒளி புறப்படும் இடம் இழையைவிட அகலமாகிறது. மேலும் கீழும் பரவவேண்டிய ஒளி பக்கவாட்டில் குவிகிறது. ரிஃப்ளெக்டர் பழைய இழைக்கென்று வளைக்கப்பட்டது. புதிய ஒளியில் கொஞ்சத்தை வீதியிலும் மிச்சத்தை எதிரே வருபவரின் முகத்திலும் எறிகிறது.

கணக்காகப் பாருங்கள். உங்கள் ஹெட்லைட்டின் நடு தரையிலிருந்து 70 சென்ரிமீற்றர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். சரியான லோபீம் 100க்கு 1 என்ற சரிவில் இறங்கி 70 மீற்றரில் தரையைத் தொடும். எதிர் வாகனம் 50 மீற்றரில் இருக்கும்போது அந்த ஒளிக்கோட்டின் உயரம் 20 சென்ரிமீற்றர். அதாவது டயர் மட்டம். அதே கோடு 100க்கு 1 மேல்நோக்கிப் போனால் 50 மீற்றரில் 120 சென்ரிமீற்றர். காரோட்டியின் கண் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருக்கும். இரண்டு நிலைக்கும் இடையிலுள்ள கோண வித்தியாசம் ஒரு பாகையைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான்.

உங்களுக்கு மட்டும் ஏன் நன்றாகத் தெரிவதுபோல இருக்கிறது? பொனட்டுக்கு முன்னால் 10, 15 மீற்றருக்குள் வெளிச்சம் கொட்டுகிறது. கண்ணின் பாவை அதற்கேற்பச் சுருங்கிவிடுகிறது. 60 மீற்றருக்கு அப்பால் கறுப்புச் சாரத்தோடு வீதியைக் கடக்கிறவர் முன்பைவிடக் குறைவாகத்தான் தெரிவார்.

நல்ல எல்ஈடி பல்பே இல்லையா என்றால், இருக்கிறது. ஒஸ்ராம் நிறுவனத்தின் மாற்று எல்ஈடி பல்புக்கு ஜெர்மனி 2020இன் கடைசியில் வீதி அனுமதி கொடுத்தது. அடுத்து பிலிப்ஸும் பெற்றது. ஆனால் அந்த அனுமதி பல்புக்கு மட்டுமானதல்ல. எந்தக் கார், எந்த ஹெட்லைட் என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பட்டியல் போட்டார்கள்; பட்டியலில் இல்லாத காரில் அதே பல்ப் சட்டவிரோதம். அவர்களே அப்படி என்றால், எல்லா எச்4 வண்டிக்கும் பொருந்தும் என்று எழுதிய பெயர் தெரியாத பெட்டியை எப்படி நம்புவது?

பெட்டியில் வட்டத்துக்குள் ஆங்கில ஈ எழுத்து இருக்கிறதே என்று கடைக்காரர் காட்டுவார். பக்கத்தில் 10ஆர் என்று தொடங்கும் இலக்கம் இருக்கிறதா பாருங்கள். அது வானொலி அலைகளுக்கு இடைஞ்சல் செய்யாது என்பதற்கான சான்று. வெளிச்சத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஏற்கெனவே பூட்டியிருந்தால் இரண்டு விஷயம் பாருங்கள். சிப்புகள் மணிக்கூட்டின் 3, 9 திசைகளை நோக்கி, அதாவது இடமும் வலமுமாக நிற்கவேண்டும். பிறகு சுவரில் லைட்டை அடித்துப் பாருங்கள். மேலே இருட்டு, கீழே வெளிச்சம், நடுவில் தெளிவான கோடு தெரியாவிட்டால் கழற்றிவிடுங்கள். விசிறி முட்டுகிறது என்று பின்புற ரப்பர் மூடியை வெட்டியிருந்தால் புது மூடியும் வாங்கவேண்டிவரும். வெட்டிய மூடி வழியாகத் தூசியும் ஈரமும் ஏறி, ஆறு மாதத்தில் ரிஃப்ளெக்டரின் வெள்ளிப் பூச்சைத் தின்றுவிடும்.

கேள்வி (கொட்டாஞ்சேனை): புகைப் பரிசோதனையில் தேறி, வருமான அனுமதிப்பத்திரமும் எடுத்துவிட்டேன். அப்படியென்றால் என் எச்ஐடி லைட் (இழைக்குப் பதில் வாயுக் குழாய் எரியும் வகை) சட்டப்படி சரிதானே?

பதில்: இல்லை. புகைப் பரிசோதனை நிலையத்தில் அளப்பது புகையை. ஹெட்லைட்டை அங்கே யாரும் பார்ப்பதில்லை. லொறி, பஸ் போன்ற வர்த்தக வாகனங்களுக்குத் தகுதிச் சான்றிதழ் வேண்டும். தனியார் காருக்கு அந்தக் கட்டாயம் இல்லாததால் மாற்றிய லைட் ஆண்டுக்கணக்கில் பிடிபடாமல் ஓடுகிறது. பிடிபடவில்லை என்பதால் அனுமதி கிடைத்துவிட்டது என்று ஆகாது.

அடிப்படைச் சட்டம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும் அதன் கீழான ஒழுங்குவிதிகளும். வீதியில் நிறுத்தும் பொலிஸ் அதிகாரியிடம் லூமன் மீற்றர் இருக்கப்போவதில்லை. அவர் கண்ணில் படுவது நீலம், சிவப்பு மாதிரியான நிறம், கம்பனி பூட்டாத மேலதிக லைட், எதிரே நிற்க முடியாத கூச்சம் ஆகியவைதான். 2025 ஜனவரியில் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் பூட்டியிருந்த மேலதிக அலங்காரங்களைப் பொலிஸார் கழற்றவைத்தது உங்களுக்கு நினைவிருக்கும். விற்ற கடைக்காரர் அந்த நேரம் பக்கத்தில் நிற்கமாட்டார். பெரிய மாற்றம் ஏதும் செய்வதானால் நாரஹேன்பிட்டவிலுள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் பெற்றுவிட்டுச் செய்யுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

எச்ஐடி விஷயத்தில் இன்னொன்று. 35 வாட் எச்ஐடி குழாய் தருவது ஏறக்குறைய 3,200 லூமன். உங்கள் லோபீமைப்போல மூன்று மடங்கு. இவ்வளவு ஒளி வருவதால்தான், 2,000 லூமனைத் தாண்டும் லோபீமுக்குத் தானாக உயரம் சரிசெய்யும் கருவியும் ஹெட்லைட் கண்ணாடியைக் கழுவும் ஏற்பாடும் வேண்டும் என்று ஐ.நா. 48ஆம் ஒழுங்குவிதி கேட்டது. ஹலோஜன் ஹெட்லைட்டுக்குள் எச்ஐடி கிட் சொருகும்போது இவை எதுவுமே வருவதில்லை. அத்தோடு, பற்றவைக்கும் கணத்தில் அந்த வயரில் 20,000 வோல்ட்டுக்கு மேல் பாயும். லைட் எரியும்போது பலாஸ்டின் (குழாய்க்கு மின் கொடுக்கும் பெட்டி) கனெக்டரைக் கையால் ஆட்டிப் பார்க்கும் பழக்கம் சில கராஜ்களில் இருக்கிறது. பக்கத்தில் நிற்கவேண்டாம்.

கேள்வி (தெஹிவளை): சட்டம் சரி. ஆனால் என் காரின் லைட் உண்மையிலேயே மங்கல். மழை இரவில் வெள்ளைக் கோடே தெரிவதில்லை. எதையும் மாற்றாமல் என்ன செய்ய?

பதில்: பல்பைத் தொடுவதற்கு முன் மூன்று இடம் பார்க்கவேண்டும்: கண்ணாடி, வோல்ட், குறி (லைட் அடிக்கும் திசை). பத்து வருடத்துக்கு மேற்பட்ட கார்களில் பெரும்பாலும் இந்த மூன்றிலேயே வேலை முடிந்துவிடும்.

கண்ணாடி என்று சொல்கிறோமே தவிர அது பொலிகாபனேட் பிளாஸ்ரிக். தொழிற்சாலையில் பூசிய பாதுகாப்புப் படலம் நம் ஊர் வெயிலில் உரிந்து மஞ்சளாகிறது. பற்பசை போட்டுத் தேய்த்தால் இரண்டு கிழமை பளபளக்கும், பிறகு பழைய கதிதான். முறையாகச் செய்வதானால் சுற்றியுள்ள பெயின்ற்றுக்கு மாஸ்கிங் ரேப்பை இரண்டு அடுக்காக ஒட்டுங்கள். தண்ணீர் விட்டபடி 800 இலக்க உப்புத்தாளில் தொடங்கி 1000, 1500, 2000, 3000 என்று ஏறுங்கள். ஒவ்வொரு தாளையும் முந்திய தாளுக்குக் குறுக்குத் திசையில் தேய்த்தால், முந்திய கீறல்கள் மறைந்ததா என்று தெரியும். 800இல் வடியும் தண்ணீர் முதலில் மஞ்சளாக வரும். வெள்ளையாக மாறும்வரை அடுத்த தாளுக்குப் போகாதீர்கள். கடைசியில் பொலிஷ், ஐசோபுறப்பில் அற்ககோலால் துடைப்பு, அதன்மேல் புறஊதாக் கதிரைத் தடுக்கும் இரண்டு பாகக் கிளியர் கோட் மெல்லிய இரண்டு படலம். இந்தக் கிளியர் கோட்டைத்தான் மலிவு வேலைக்காரர்கள் விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் நாலு மாதத்தில் மறுபடி மஞ்சள். தெளிப்பவர் சாதாரண துணி மாஸ்க்கோடு நிற்கக்கூடாது. மஞ்சள் உட்புறத்தில் இருந்தாலோ, ரிஃப்ளெக்டர் கருகியிருந்தாலோ தேய்த்துப் பயனில்லை, ஹெட்லைட்டையே மாற்றவேண்டும்.

அடுத்தது வோல்ட். ஹலோஜன் பல்பின் ஒளி வோல்ட்டின் ஏறக்குறைய 3.4ஆம் அடுக்கில் ஏறி இறங்கும். 13.2 வோல்ட்டில் 100 பங்கு ஒளி என்றால் 12 வோல்ட்டில் 72 பங்குதான். என்ஜினை ஓடவிட்டு, லைட்டைப் போட்டு, பற்றரி முனைகளில் அளவுங்கள்: 13.8 முதல் 14.4 வரை காட்டவேண்டும். பிறகு பல்ப் சொக்கெட்டின் பின்னால், பல்ப் எரியும்போதே அளவுங்கள். பல்பைக் கழற்றிவிட்டு அளந்தால் மின்னோட்டம் இல்லாததால் எல்லாமே நல்லதாகத் தெரியும். இரண்டுக்கும் இடையில் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் எர்த் வயர், சொக்கெட், சுவிட்ச் என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். பெரும்பாலும் குற்றவாளி எர்த் போல்ட்டின் துருதான். சுரண்டி இறுக்கினாலே லைட் வெளுக்கும்.

அதற்கும் சரிவராவிட்டால் ரிலே, அதாவது சிறிய மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைப் போட்டு அணைக்கும் சுவிட்ச். 40 அம்பியர் ரிலே இரண்டு, டிம்முக்கு ஒன்று, ஹைபீமுக்கு ஒன்று. பற்றரியிலிருந்து 2.5 சதுர மில்லிமீற்றர் வயர், பற்றரிக்குப் பக்கத்திலேயே 20 அம்பியர் பியூஸ், அங்கிருந்து ரிலேயின் 30ஆம் கால்; 87ஆம் காலிலிருந்து பல்புக்கு. பல்பின் எர்த்துக்கும் அதே தடிப்பு வயர். 85, 86 கால்களுக்கு (ரிலேயின் கொயில்) பழைய சொக்கெட்டிலிருந்து சிக்னல்.

இங்கேதான் நம் ஊரில் அடிக்கடி பிழைக்கிறது. பழைய ஜப்பான் கார்கள் பலவற்றில் ஹெட்லைட் சுவிட்ச் எர்த் பக்கத்தில் இருக்கும், பொதுக்கால் பொசிற்றிவ். சொக்கெட்டைக் கழற்றி, லைட்டைப் போட்டு, ஒவ்வொரு காலையும் பொடிக்கு (காரின் உலோக உடல்) எதிராக அளவுங்கள். டிம்மிலும் ஹையிலும் ஒரே கால் 12 வோல்ட் காட்டினால் அது எர்த் சுவிட்ச் வகை. கடையில் வாங்கும் ரெடிமேட் ஹார்னஸ் (வயர்க் கட்டு) இதற்குச் சரிவராது. இரண்டு ரிலேயும் ஒன்றாக இழுக்கும், அல்லது ஒன்றுமே நடக்காது. கொயிலின் மறுமுனையைப் பொடியில் எர்த் பண்ணாமல், பழைய சொக்கெட்டின் பொதுக்காலுக்கும் டிம் காலுக்கும் நடுவே ஒரு ரிலேயையும், பொதுக்காலுக்கும் ஹை காலுக்கும் நடுவே மற்றதையும் இணைத்தால் எந்த வகைக் காரிலும் வேலை செய்யும்.

பல்ப் மாற்றுவதானால் பெயருள்ள கம்பனியின் 60/55 வாட்டிலேயே கூடுதல் ஒளி தரும் ஹலோஜன் வகை இருக்கிறது. இழை மெல்லியதாக, நெருக்கமாகச் சுற்றப்பட்டிருக்கும். ஒளி கூடும், ஆயுள் குறையும். 100/90 வாட் பல்ப் வேண்டாம். சோடி டிம்மில் மட்டும் ஏறக்குறைய 14 அம்பியர் போகும். முதலில் சொக்கெட் உருகும், பிறகு ரிஃப்ளெக்டர் கொப்புளிக்கும். புதுப் பல்பின் கண்ணாடியை விரலால் தொட்டுவிட்டால் அற்ககோலால் துடைத்துவிட்டுப் பூட்டுங்கள். எண்ணெய்ப் பசை பட்ட இடம் அதிகமாகச் சூடாகி பல்ப் வெடிக்கும்.

மூன்றாவது, குறி. தொடர்மாடிக் கட்டிடத்தின் கீழ்த்தள வாகனத் தரிப்பிடம் இதற்கு வசதி. தரை மட்டமாக இருக்கும், எதிரே சுவரும் இருக்கும். டயர்களுக்குச் சரியான காற்று, ஓட்டுநர் இருக்கையில் ஒருவர், பின்னால் சாமான் இல்லை, டாஷ்போர்டில் உயரம் மாற்றும் சக்கரம் இருந்தால் பூச்சியத்தில். காரைச் சுவரோடு ஒட்டி நிறுத்தி, ஒவ்வொரு ஹெட்லைட்டின் நடுவுக்கும் நேரே சுவரில் ரேப்பால் ஒரு சிலுவை ஒட்டுங்கள். பிறகு நேராகப் பின்னால் 10 மீற்றர் எடுங்கள். சிலுவைகளுக்கு 10 சென்ரிமீற்றர் கீழே ஒரு படுக்கைக்கோடு ஒட்டுங்கள். இடம் போதாவிட்டால் 5 மீற்றர், 5 சென்ரிமீற்றர். ஹெட்லைட்டின் மேல் ஸ்ரிக்கரில் 1.2, 1.3 என்று வேறு வீதம் குறித்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். தரையிலிருந்து 1 மீற்றருக்கு மேலே லைட் இருக்கும் ஜீப்புக்கு 1.5க்குக் குறையாத சரிவு வேண்டும். ஒரு லைட்டைத் துணியால் மூடிவிட்டு (பிளாஸ்ரிக் சூடாகிவிடும், நிமிடக்கணக்கில் மூடிவைக்காதீர்கள்) மற்றதை டிம்மில் பாருங்கள். வலப்பக்கத்துத் தட்டையான விளிம்பு அந்தப் படுக்கைக்கோட்டில் நிற்கவேண்டும். இடப்பக்கமாக மேலேறத் தொடங்கும் முழங்கை, சிலுவையின் நிலைக்குத்துக்கோட்டில் வரவேண்டும். பின்னாலுள்ள திருகுகள் இரண்டில் ஒன்று மேல்-கீழ், மற்றது இடம்-வலம்.

முன்புறம் இடிபட்டு டிங்கரிங் செய்த எந்தக் காருக்கும் இதைக் கட்டாயம் பாருங்கள். கராஜில் நிறம் பொருந்தியதா என்று பார்ப்பார்கள், குறி பொருந்தியதா என்று யாரும் பார்ப்பதில்லை.

கேள்வி (வத்தளை): மாதம் இரண்டு தடவை புத்தளம், அநுராதபுரம் வழியாக யாழ்ப்பாணம் போகிறோம். மாடு, யானைப் பயம். கூரையில் எல்ஈடி லைட் பார் போட்டால் என்ன?

பதில்: லைட் பாருக்கு டிம் என்று ஒன்று கிடையாது, எல்லாப் பக்கமும் ஒரே வீச்சு. கூரையில் பூட்டினால் பொனட்டிலும் கண்ணாடியிலும் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். எதிரே லொறி வரும்போது அணைக்கவேண்டும். அணைத்த மறுகணம் உங்கள் கண் இருட்டுக்குப் பழகச் சில விநாடிகள் எடுக்கும். யானை நிற்பது அந்தச் சில விநாடிகளில்தான். பொலிஸாரின் கண்ணில் முதலில் படுவதும் அந்த பார்தான்.

மணிக்கு 70 கிலோமீற்றரில் ஒரு விநாடிக்கு 19 மீற்றருக்குச் சற்று மேல் ஓடுகிறீர்கள். கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை விநாடி, 29 மீற்றர். காய்ந்த வீதியில் நிற்க இன்னும் 27 மீற்றர் அளவில். மொத்தம் 56. சரியான லோபீமின் எல்லைக்குள் அது அடங்கும். 100இல் போனால் மொத்தம் 97 மீற்றர், லோபீம் எட்டாது. ஆகவே எதிரே வாகனம் வரும்போது, டிம்மில் இருக்கும்வரை, வேகத்தை 70க்குள் வைத்திருங்கள். வீதி காலியானதும் ஹைபீம். யானையின் தோல் ஒளியைத் திருப்பி அனுப்பாது, மாட்டின் கண்ணாவது மின்னும்.

சாமான் நிறைத்துப் போகும்போது காரின் மூக்கு மேலேறும். லைட்டும் சேர்ந்து ஏறும். டாஷ்போர்டுச் சக்கரத்தை 2 அல்லது 3க்குத் திருப்புங்கள். அந்தச் சக்கரம் எதற்கென்றே தெரியாமல் காரை விற்றுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

கேள்வி (கல்கிசை): நுவரெலியாப் பக்கம் போக மஞ்சள் பொக் லைட் நல்லதா? 8,000 கெல்வின் நீல வெள்ளை பல்ப் மழைக்கு உதவுமா?

பதில்: பொக் லைட்டுக்கு வெள்ளையும் மஞ்சளும் இரண்டுமே ஐ.நா. ஒழுங்குவிதியில் ஏற்றவை. கினிகத்தேனைக்கு மேலே மூடுபனியில் உதவுவது நிறத்தைவிட, அந்த லைட் பம்பரில் தாழ இருந்து மேலே வெளிச்சம் விடாமல் அகலமாக அடிப்பதுதான். கொழும்புக்கு இறங்கியதும் அணைத்துவிடுங்கள். நனைந்த தாரில் பொக் லைட் கண்ணாடியில் பட்டதுபோலத் தெறித்து எதிராளியின் கண்ணுக்குப் போகும்.

8,000 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) வேண்டவே வேண்டாம். நீலப் பூச்சு ஒளியைத் தின்னும். மிஞ்சிய நீலம் கண்ணுக்குள்ளே அதிகமாகச் சிதறும். ஹலோஜனின் 3,200, தொழிற்சாலை எச்ஐடியின் 4,300 கெல்வின் வட்டாரமே ஓட்டுவதற்கு நல்லது.

கேள்வி (நுகேகொடை): கம்பனியிலேயே எச்ஐடி வந்த கார். பல்ப் மாற்றியதிலிருந்து எல்லோரும் லைட் அடித்துக் காட்டுகிறார்கள்.

பதில்: பழைய பல்பின் அடியில் என்ன பொறித்திருக்கிறது பாருங்கள். டி2ஆர் என்றால் அது ரிஃப்ளெக்டருக்கானது. தேவையற்ற ஒளியை மறைக்கக் குழாயில் கறுப்புப் பூச்சு இருக்கும். டி2எஸ் புரொஜெக்டருக்கானது (முன்னால் லென்ஸ் வைத்த ஹெட்லைட்), பூச்சு கிடையாது. கடையில் டி2எஸ் கொடுத்து, அடியிலிருக்கும் வெட்டைக் கொஞ்சம் அராவிப் பூட்டியிருப்பார்கள். சரியான டி2ஆர் வாங்கிப் போடுங்கள். டி4 வகைகளையும் மாற்றிப் போடமுடியாது. டி2 ஓடுவது 85 வோல்ட்டில், டி4 ஓடுவது 42இல்.

கேள்வி (பம்பலப்பிட்டி): ஹெட்லைட்டைத் திறந்து பை-எல்ஈடி புரொஜெக்டர் (டிம்மும் ஹையும் ஒன்றிலேயே தருவது) வைக்கிறார்களே, அதுவாவது சரியா?

பதில்: ஒளியியலாகப் பார்த்தால் சொருகும் பல்பைவிட மிகவும் மேல், லென்ஸும் மறைப்புத் தகடும் ஒளியோடு சேர்ந்தே வடிவமைக்கப்பட்டவை. ஆனால் அனுமதி பெற்ற ஹெட்லைட் அதோடு அனுமதி பெறாத ஹெட்லைட்டாகிவிடுகிறது என்பதை மறக்கவேண்டாம்.

செய்கிறவரிடம் முதலில் கேட்கவேண்டியது, எந்தப் பக்க வீதிக்கான புரொஜெக்டர் என்று. வலப்பக்கம் ஓடும் நாடுகளுக்கானதில் ஒளிக்கோட்டின் படி வலப்பக்கமாக மேலேறும். நம் வீதியில் அது நேரே எதிராளியின் கண். சுவரில் அடிக்கும்போது இடது உயர்ந்து வலது தாழ்ந்து இருக்கவேண்டும். பழைய ஹெட்லைட் வாங்கும்போதும் இதே கதைதான். ஐ.நா. முத்திரையுள்ள ஹெட்லைட்டில், நீங்கள் அதற்கு எதிரே நின்று பார்க்கையில் உங்கள் வலப்பக்கம் காட்டும் அம்பு இருந்தால் அது இடப்பக்க வீதிக்கானது; அம்பே இல்லாவிட்டால் ஐரோப்பியக் கண்டத்து வீதிக்கானது. ஜப்பான் கழற்றுச் சாமானில் இந்தப் பிரச்சினை இல்லை, அவர்களும் இடப்பக்கம்தான். ஈ எழுத்தோடு 43 இருந்தால் ஜப்பானின் முத்திரை.

திறந்த ஹெட்லைட்டைப் பழைய பசையோடு அப்படியே ஒட்டிவிடுவார்கள். முதல் மழையில் உள்ளே பனி பிடிக்கும். பழைய பியூட்டைல் பசையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுப் பியூட்டைல் வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (கிராண்ட்பாஸ்): ஓட்டோவுக்கு எச்4 பல்ப் போடலாமா? இப்போது இருப்பது 35/35.

பதில்: அது எச்எஸ்1 வகையாக இருக்கலாம், 825, 525 லூமன். எச்4 பார்வைக்கு அதேமாதிரி இருந்தாலும் அடிவளையம் வேறு. காதை அராவி நுழைக்கலாம்தான், ஆனால் 60 வாட் கேட்டால் ஓட்டோவின் சிறிய சார்ஜிங் கொயில் ஈடுகொடுக்காமல் பற்றரி இறங்கிவிடும். எர்த்தைச் சுத்தம் செய்து, ரிஃப்ளெக்டர் மங்கியிருந்தால் முழு ஹெட்லைட்டையும் மாற்றுங்கள்.

கேள்வி (ராஜகிரிய): அப்பாவுக்கு 68 வயது. இரவில் எதிர் லைட்டில் எதுவுமே தெரியவில்லை என்கிறார். மஞ்சள் கண்ணாடி வாங்கிக்கொடுக்கலாமா?

பதில்: மஞ்சள் கண்ணாடி எதிர் லைட்டோடு வீதியின் வெளிச்சத்தையும் சேர்த்துக் குறைக்கும், இரவில் அது நட்டம். முதலில் கண் வைத்தியரிடம் காட்டி, கண்புரை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எதிர் லைட்டைச் சுற்றி வளையம் தெரிவது அதன் வழக்கமான அறிகுறி.

காரில் செய்யக்கூடியது முன்கண்ணாடியின் உட்புறத்தைத் துடைப்பது. வெளியே கழுவுகிறோம், உள்ளே டாஷ்போர்டுப் பொலிஷின் ஆவி படிந்து எண்ணெய்ப் படலமாக நிற்கும், எதிர் லைட் பட்டதும் முழுக் கண்ணாடியும் வெளுக்கும். வைப்பர் ரப்பரையும் மாற்றுங்கள். உள்ளே பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியின் அடியிலுள்ள சின்ன நெம்புகோலைத் தட்டினால் பின்னால் வருகிறவரின் லைட் மங்கும். எதிரே ஒருவர் முகத்தில் அடித்துக்கொண்டு வந்தால், வேகத்தைக் குறைத்து, பார்வையை இடப்பக்க வெள்ளைக் கோட்டுக்கு இறக்கி, அதைப் பிடித்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். பதிலுக்கு ஹைபீம் அடிக்கவேண்டாம். அப்போது கண் தெரியாத இரண்டு பேர் ஒருவரை ஒருவர் நோக்கி ஓடிக்கொண்டிருப்பார்கள்.